மைக் இல்லாமல் ஆம்ப் பதிவு: ஒரு லோட் பெட்டி செய்த அனுபவம்

என்னிடம் இருப்பது 15 வாட் வால்வு கிட்டார் ஆம்ப், அதாவது டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வெற்றிடக் குழாய்களால் (வால்வு) ஒலியைப் பெருக்குவது. முன்கட்டத்தில் மூன்று 12ஏஎக்ஸ்7 வால்வுகள், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் பகுதியில் இரண்டு ஈஎல்84 வால்வுகள், தனிப் பெட்டியில் ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். 15 வாட் என்று படித்தால் சின்னதாகத் தெரியும். ஆனால் கிட்டார் ஸ்பீக்கர்கள் பலவும் ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தள்ளி 97 முதல் 100 டெசிபல் வரை சத்தம் போடும். 15 வாட்டுக்கு அதன்மேல் இன்னும் 12 டெசிபல். அதாவது முழுத் திறனில் 110 டெசிபலைச் சுலபமாகத் தொட்டுவிடும்.

நான் இருப்பது சென்னையில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடி. கீழ் வீட்டுப் பெண் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் அம்மா ஒன்பதரைக்கே தூங்கப் போய்விடுவார். எனக்கு கிட்டாரைக் கையில் எடுக்க நேரம் கிடைப்பதே இரவு பத்துக்கு மேல்தான்.

வால்யூமைக் குறைத்து வைத்து வாசித்துக்கொள்ளலாம் என்றால், இந்த ஆம்ப் பேசத் தொடங்குவதே குமிழ் பாதியைத் தாண்டிய பிறகு. பவர் வால்வுகள் திணறும்போது வரும் அந்தக் கரகரப்பும், கம்பியை மெதுவாகத் தொட்டால் சுத்தமாகவும் அழுத்தி அடித்தால் உறுமலாகவும் மாறுகிற அந்தப் பணிவும் குறைந்த வால்யூமில் இல்லை. எனக்கு அதுதான் வேண்டும். ஆம்ப் முழு மூச்சில் ஓட வேண்டும், அறையில் சத்தம் இருக்கக் கூடாது, லேப்டாப்பில் பதிவாக வேண்டும். கடைசியில் கிடைத்த வழி, ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்பின் ஆற்றலை வாங்கிச் சூடாக்கிவிடும் ஒரு லோட் பெட்டி. இரண்டு மாத வார இறுதிகள் இதற்குப் போயின. செய்ததை, தப்பாகச் செய்ததையும் சேர்த்து, வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதல் முயற்சி: எஃபெக்ட்ஸ் சென்ட்

ஆம்பின் பின்னால் எஃபெக்ட்ஸ் லூப் உண்டு: முன்கட்டத்தின் சிக்னல் சென்ட் ஜாக் வழியாக வெளியே போய், ரிட்டர்ன் ஜாக் வழியாகப் பவர் பகுதிக்குத் திரும்பும் வழி. அதன் சென்ட் ஜாக்கிலிருந்து ஒரு கேபிளை ஆடியோ இன்டர்ஃபேஸின் (ஒலியை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும் பெட்டி) லைன் இன்புட்டுக்குக் கொடுத்தேன். ஸ்பீக்கரைக் கழற்றவில்லை. ரிட்டர்ன் ஜாக்கில், மறுமுனை எதிலும் செருகாத ஒரு கேபிளை மாட்டிவிட்டால் பவர் பகுதிக்கு சிக்னல் போகாது, அறை அமைதியாகிவிடும். ஐந்து நிமிட வேலை.

கேட்டால், தகர டப்பாவுக்குள் தேனீக்களை அடைத்து ஆட்டியதுபோல் இருந்தது. கேட்கவே முடியவில்லை.

காரணம் இரண்டு. சென்ட் என்பது முன்கட்டம் வரைதான். நான் தேடிய பவர் வால்வு அதில் இல்லவே இல்லை. இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. கிட்டார் ஸ்பீக்கர் வீட்டு ஸ்பீக்கர் மாதிரி எல்லா ஒலியையும் சமமாகத் தருவதற்காகச் செய்யப்பட்டது அல்ல. 2 முதல் 4 கிலோ ஹெர்ட்ஸ் வரை முட்டிக்கொண்டு நிற்கும். 5 கிலோ ஹெர்ட்ஸைத் தாண்டியதும் செங்குத்தாக விழுந்துவிடும். ஆம்ப் சிக்னலை நசுக்கும்போது பிறக்கும் கூர்மையான மேல் ஸ்வரங்களை இந்த ஸ்பீக்கர்தான் வடிகட்டிக்கொண்டிருந்தது. மைக்கை மட்டும் தவிர்க்கிறோம் என்று நினைத்தேன். உண்மையில் தவிர்த்தது ஸ்பீக்கரை. இந்த வேலை முழுக்க, அந்த ஸ்பீக்கரை வேறு வழியில் திரும்பக் கொண்டுவருகிற வேலைதான்.

நேரடிப் பதிவு ஒன்றும் புதிதில்லை. டெட்ராய்ட்டில் மோட்டவுன் ஸ்டூடியோவில் 1960களிலேயே பேஸும் கிட்டாரும் டிஐ (கிட்டார் போன்றவற்றின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி) வழியாக நேராக மிக்ஸருக்குப் போயின. 1968இல் பீட்டில்ஸ் குழு லண்டன் ஸ்டூடியோவில் கிட்டாரை மிக்ஸரிலேயே செருகி, அதன் உள்ளீட்டுக் கட்டத்தை வேண்டுமென்றே திணறடித்துப் பதிவு செய்தது. முதல் வகையில் ஒலி சுத்தமானது, ஸ்பீக்கர் இல்லாதது உறுத்தாது. இரண்டாவதில் அந்த ரம்பச் சத்தமே தேவைப்பட்டது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற, ஆம்ப் போலவே கேட்கும் ஒலி வேண்டுமென்றால் வடிகட்டி கட்டாயம். 1982இல் பாஸ்டன் ராக் குழுவின் கிட்டாரிஸ்ட் டாம் ஷோல்ஸ் கொண்டுவந்த ராக்மேன், 1989இல் வந்த சான்ஸ்ஆம்ப் எல்லாம் அந்த ஸ்பீக்கர் வடிகட்டலைச் சின்னப் பெட்டிக்குள் மின்சுற்றாகவே செய்தவை.

நானும் மென்பொருளில் 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிப் பார்த்தேன். தேனீக்கள் போயின. பதிலுக்குக் கம்பளி போர்த்தியது போல் ஆனது. சரி, பவர் பகுதியின் வெளியீட்டையே எடுப்பது என்று முடிவு செய்தேன்.

ஸ்பீக்கரைக் கழற்றுவதற்கு முன்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். வால்வு ஆம்பை ஸ்பீக்கரோ அதற்கு ஈடான லோடோ இல்லாமல் ஓட்டக் கூடாது. வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. அதில் ஏறும் ஆற்றல் போக இடமில்லாவிட்டால் வால்வு பக்கத்தில் வோல்டேஜ் தாறுமாறாக எகிறும். வால்வு சாக்கெட்டில் பொறி பறக்கலாம், டிரான்ஸ்ஃபார்மரின் காப்பு உள்ளுக்குள் ஓட்டையாகலாம். ஆம்பிலேயே விலை அதிகமான பொருள்களில் ஒன்று அந்த டிரான்ஸ்ஃபார்மர். டிரான்சிஸ்டர் ஆம்ப் இதற்குத் தலைகீழ்: அதற்கு ஒன்றும் மாட்டாமல் இருந்தால் பொதுவாகப் பிரச்சினை இல்லை, ஷார்ட் ஆனால்தான் போகும்.

நண்பர்கள் இரண்டு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "ஸ்பீக்கர் ஜாக்கில் நேராக டிஐ பாக்ஸை மாட்டினால் போதாதா?" போதாது. டிஐ பாக்ஸின் உள்ளீட்டு எதிர்ப்பு ஆயிரக்கணக்கான ஓம்கள். 8 ஓமை எதிர்பார்க்கும் ஆம்புக்கு அது ஒன்றும் மாட்டாததற்குச் சமம். டிஐ என்பது லோடுக்குப் பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கிற சாதனம். அதுவே லோடு ஆகாது.

இன்னொன்று. ஆம்பைத் திறக்க வேண்டிய தேவை இதில் எங்குமே வரவில்லை. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்கள் அதைத் தேக்கி வைத்திருக்கும். எல்லா வேலையும் வெளியே, தனிப் பெட்டியில்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சனிக்கிழமை

லோடாக நிற்கத் தேவையானது 8 ஓம், 100 வாட் ரெசிஸ்டர். தங்க நிற அலுமினிய உறைக்குள், இரண்டு பக்கமும் திருகு ஓட்டையோடு வருமே, அது. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டில் மூன்றாவது கடையில் கிடைத்தது. கடைக்கார அண்ணன், "எதுக்குப்பா, ஆம்ப் டெஸ்ட் பண்ணவா?" என்று கேட்டுவிட்டு மல்டிமீட்டரில் அளந்தே கொடுத்தார். 8.1 ஓம்.

15 வாட் ஆம்புக்கு 100 வாட் எதற்கு என்று தோன்றலாம். 15 என்பது சுத்தமான சைன் அலைக்கான கணக்கு. ஆம்பை முழுக்கத் திணறடித்தால் அலை சதுரமாகத் தொடங்கும். அப்போது வெளிவரும் ஆற்றல் கிட்டத்தட்ட இரட்டிப்பாகி 30 வாட் வரை போகலாம். அதோடு, ரெசிஸ்டர் மேல் அச்சிட்டிருக்கும் 100 வாட் என்பது சரியான ஹீட் சிங்கில் (சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகக் கட்டை) திருகியிருந்தால் மட்டும். வெறுமனே காற்றில் தொங்கவிட்டால் அது தாங்குவது அதைவிட நன்றாகக் குறையும். வீட்டில் செத்துக் கிடந்த ஒரு பவர் சப்ளையிலிருந்து கையளவு ஹீட் சிங்க் ஒன்றைக் கழற்றி, நடுவே தெர்மல் பேஸ்ட் தடவி, இறுக்கித் திருகினேன். அலுமினியப் பெட்டி, இரண்டு கால் அங்குல ஜாக், சில்லறை ரெசிஸ்டர்கள். டிஐ பாக்ஸ் நீங்கலாக எல்லாம் சேர்ந்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

அடுத்தது வோல்டேஜைக் குறைப்பது. 8 ஓமில் 15 வாட் என்றால் சுமார் 11 வோல்ட். இன்டர்ஃபேஸ் அதைத் தாங்காது. அதனால் லோடுக்குக் குறுக்கே 10 கிலோ ஓமும் 1 கிலோ ஓமும் தொடராக வைத்து, 1 கிலோ ஓமின் மேலிருந்து சிக்னலை எடுத்தேன். பதினொன்றில் ஒரு பங்கு. 11 வோல்ட் 1 வோல்ட் ஆகிவிடும், லைன் இன்புட்டுக்கு வாகான அளவு. இந்த இரண்டிலும் போகிற ஆற்றல் மில்லி வாட் கணக்குதான், கால் வாட் ரெசிஸ்டரே தாராளம்.

ஆம்பிலிருந்து லோட் வரை போகிற கேபிள் ஸ்பீக்கர் கேபிளாக இருக்க வேண்டும். கிட்டார் கேபிளின் உள்கம்பி மெல்லியது. அது நடுவில் அறுந்தால் மேலே சொன்ன லோட் இல்லாத நிலைதான். எனக்கு ஜாக் மேலும் நம்பிக்கை வரவில்லை. ஆம்ப் பக்கக் கேபிளைப் பெட்டிக்குள் நேராகக் கொண்டுபோய் ரெசிஸ்டரின் காதிலேயே பற்றவைத்துவிட்டேன். பெட்டிப் பக்கம் தவறிக் கழன்று விழ வழியே இல்லை.

முதல் சோதனைக்கு ஃபோனிலிருந்து 200 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை ஆம்புக்குக் கொடுத்தேன். சாதாரண மல்டிமீட்டர்கள் குறைந்த அதிர்வெண்ணில்தான் ஏசி வோல்டேஜைச் சரியாகக் காட்டும், அதனால் 200. லோடில் 8.9 வோல்ட், வெளியீட்டில் 0.81. கணக்கு பொருந்தியது. 8.9ஐ 8.9ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் 9.9 வாட். அறையில் ஒரு சத்தமும் இல்லாமல் பத்து வாட் அந்தச் சின்ன உலோகக் கட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடு. மனசு நிறைந்துபோனது.

அந்த இரவே முக்கால் மணி நேரம் வாசித்தேன். பெட்டியை ஒரு மடித்த துணியின் மேல் வைத்திருந்தேன். முடித்துவிட்டுத் தொட்டால் கை வைக்க முடியாத சூடு. மறுநாள் அடியில் நான்கு ரப்பர் கால், பக்கங்களில் இரண்டு வரிசை ஓட்டைகள். இப்போது ஒரு மணி நேரம் ஓட்டினாலும் கை வைக்க முடிகிறது.

உறுமல்

லேப்டாப் சார்ஜரில் இருந்தால் பின்னணியில் ஒரு "ர்ர்ர்ர்" தொடர்ந்து கேட்டது. சார்ஜரைப் பிடுங்கினால் பாதிக்கு மேல் அடங்கியது. ஆம்பின் எர்த்தும் லேப்டாப் சார்ஜரின் எர்த்தும் சுவரில் சேர்கின்றன. கேபிளின் வெளி வலை வழியாக இன்னொரு தடவை சேர்கின்றன. அந்த வளையத்தில் மின்வாரியத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் சுற்றிக்கொண்டிருந்தன.

இதற்கு நம் ஊரில் பல மேடைகளில் பார்த்த வைத்தியம் ஒன்று உண்டு: ஆம்பின் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை விலக்கிவிடுவது. செய்யாதீர்கள். ஆம்புக்குள் ஏதாவது பழுதாகி உடல் பகுதிக்கு மின்சாரம் வந்தால், அது கிட்டார் கம்பி வழியாக உங்கள் விரலுக்கு வரும். எர்த் பின் அதற்காகவே இருக்கிறது.

வளையத்தை உடைக்க வேண்டிய இடம் சிக்னல் வழி. மெல்லிசைக் குழுக்களுக்கு சவுண்ட் போடும் நண்பன் ஒருவனிடம் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பாசிவ் டிஐ பாக்ஸ் இருந்தது. மேடையில் கீபோர்டிலிருந்து மிக்ஸருக்கு இழுப்பார்களே, அதே பெட்டி. "வச்சிக்கடா, சீசன் வரைக்கும் வேணாம்" என்று கொடுத்தான். என் பெட்டியின் வெளியீடு டிஐக்குள், டிஐயிலிருந்து எக்ஸ்எல்ஆர் கேபிள் இன்டர்ஃபேஸின் மைக் இன்புட்டுக்கு. டிஐயில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தள்ளியதும் உறுமல் நின்றது. உள்ளே சிக்னல் காந்தப் புலமாகத் தாண்டுகிறது, இரண்டு பக்கக் கம்பிகளுக்கும் தொடர்பே இல்லை. சுவர் எர்த் இரண்டும் அப்படியே இருக்கின்றன.

டிரான்சிஸ்டர் ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில ஆம்ப்களில் ஸ்பீக்கர் வெளியீட்டின் இரண்டு முனையிலும் சிக்னல் இருக்கும், எந்த முனையும் எர்த் ஆகாது. அவற்றில் ஒரு முனையை இன்டர்ஃபேஸின் எர்த்தோடு சேர்த்தால் ஆம்பே போய்விடும். முதலில் கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

ஏன் உயிரில்லை

இவ்வளவும் சரியாக இருந்தும், வாசிக்கும்போது விரலுக்கு ஒன்று குறைந்தது. ஒலி தட்டையாக இருந்தது. மேல் ஸ்தாயியில் பளிச்சென்று வர வேண்டியது வரவில்லை. தடித்த கம்பியை உள்ளங்கையால் அமுக்கி அடித்தால் வயிற்றில் இடிக்கும் அந்த "தும்" இல்லை.

ரெசிஸ்டர் எல்லா அதிர்வெண்ணுக்கும் 8 ஓம். ஸ்பீக்கர் அப்படியல்ல, பெயருக்குத்தான் 8 ஓம். என் கேபினெட்டையே அளந்து பார்த்தேன்: இன்டர்ஃபேஸின் ஹெட்ஃபோன் வெளியீட்டில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் வைத்து ஸ்பீக்கரை மாட்டி, சைன் ஒலியின் அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே போய், ஸ்பீக்கர் முனைகளில் வரும் மில்லி வோல்டைக் குறித்தேன். 400 ஹெர்ட்ஸ் அருகில் ஏழரை ஓம். 94 ஹெர்ட்ஸில் 48 ஓம். அதுதான் கூம்பு தன் இயல்பான வேகத்தில் ஆடும் இடம். மேலே போகப் போக, ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான காயிலின் இண்டக்டன்ஸால் (அதிர்வெண் ஏற ஏற அதிகம் தடுக்கும் குணம்) திரும்பவும் ஏறுகிறது.

இந்த ஏற்ற இறக்கம் ஹை-ஃபை ஆம்புக்கு ஒரு பொருட்டே அல்ல. அதன் வெளியீட்டு எதிர்ப்பு மிகக் குறைவு. ஸ்பீக்கர் எத்தனை ஓம் காட்டினாலும் வோல்டேஜ் நகராது. ஆனால் நெகடிவ் ஃபீட்பேக் (வெளியீட்டில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துத் தன்னையே திருத்திக்கொள்ளும் ஏற்பாடு) இல்லாத ஈஎல்84 பவர் பகுதி அப்படிப்பட்டதில்லை. எதிர்ப்பு ஏறும் இடத்தில் வோல்டேஜும் கூடவே ஏறிவிடும். ஆகவே அடியில் அந்த "தும்", மேலே அந்தப் பளிச், இரண்டையும் உண்டாக்குவது ஆம்பும் ஸ்பீக்கரும் சேர்ந்துதான். ரெசிஸ்டரை மாட்டியபோது அந்த உரையாடலை நான் நிறுத்திவிட்டிருந்தேன்.

மேல்பக்கத்தைச் சரிசெய்வது சுலபம். ஸ்பீக்கர் கிராஸ்ஓவருக்கு விற்கும் 0.8 மில்லி ஹென்றி காற்றுக் காயில் ஒன்றை வாங்கி ரெசிஸ்டரோடு தொடரில் வைத்தேன். 5 கிலோ ஹெர்ட்ஸில் காயில் மட்டும் 25 ஓம். ரெசிஸ்டரோடு சேர்ந்து 26க்குக் கொஞ்சம் மேல். உண்மையான ஸ்பீக்கரை ஒட்டி வருகிறது.

மாட்டிக் கேட்டால் முன்பைவிட மங்கலாகிவிட்டது. இரண்டு நாள் புரியவில்லை. மூன்றாம் நாள் காகிதத்தில் படம் வரைந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. சிக்னல் எடுக்கும் 10 கிலோ, 1 கிலோ ஜோடியை நான் பழையபடி ரெசிஸ்டருக்குக் குறுக்கே மட்டும் விட்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் காயில் ஒரு தடுப்பு, மேல் ஒலியை வெட்டத்தானே செய்யும். ஆம்ப் பார்ப்பது காயிலும் ரெசிஸ்டரும் சேர்ந்த மொத்தத்தை. நாமும் அந்த மொத்தத்துக்குக் குறுக்கேதான் எடுக்க வேண்டும். ஒரே ஒரு கம்பியை இடம் மாற்றிப் பற்றவைத்தேன். முதல் கார்டிலேயே ஆம்ப் விழித்துக்கொண்டது. அந்த ஒரு கம்பிக்காக நான் பட்ட சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியவில்லை.

அடிப்பக்கத்து மேட்டுக்கு 15 மில்லி ஹென்றி அளவில் இரும்பு உள்ளகக் காயிலும் 200 மைக்ரோ ஃபாரட் போல ஒரு பைபோலார் கெபாசிட்டரும் இணையாக வேண்டும். ஆம்பியர் கணக்கில் மின்னோட்டம் தாங்கும் அந்தக் காயில் எனக்குக் கிடைக்கவில்லை. இப்போதைக்கு மென்பொருளில் 94 ஹெர்ட்ஸில் 5 டெசிபல் ஏற்றி வைத்திருக்கிறேன். முழுமை இல்லை, பவர் வால்வு அந்த மேட்டை உணர்ந்து நசுங்குவது இதில் வராது. பரவாயில்லை எனும் அளவுக்கு இருக்கிறது.

ஸ்பீக்கரைத் திரும்பக் கொண்டுவருதல்

இனி இருப்பது வடிகட்டல். 5 கிலோ ஹெர்ட்ஸில் ஒரே வெட்டு என்பது மொட்டைக் கத்தி. ஸ்பீக்கரும் மரப்பெட்டியும் மைக்கும் சேர்ந்து செய்வது நூறு சின்னச் சின்ன மேடு பள்ளங்கள். அதை அப்படியே பிடித்து வைப்பது இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், சுருக்கமாக ஐஆர்.

கோயில் மண்டபத்தில் ஒரே ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள். தட்டியது கண நேரம். மண்டபம் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தப் பதிலைப் பதிவு செய்துகொண்டால் மண்டபத்தின் குணம் கையில் வந்த மாதிரி. ஸ்பீக்கருக்கும் அதே. ஒரு நொடிக்கு 48,000 துளிகளாகப் பதிவாகும் கிட்டார் ஒலியில், ஒவ்வொரு துளியும் ஒரு கைதட்டல். ஒவ்வொன்றுக்கும் ஸ்பீக்கர் சொல்லியிருக்கும் பதிலைப் போட்டு எல்லாவற்றையும் கூட்டினால் ஸ்பீக்கர் வழியாக வந்த ஒலி கிடைக்கும். என் ஐஆர் 2,048 துளி நீளம், 43 மில்லி நொடி. நேராகக் கணக்குப் போட்டால் நொடிக்குக் கிட்டத்தட்ட 10 கோடி பெருக்கல். குறுக்கு வழிக் கணிதம் இருப்பதால் லேப்டாப்புக்கு அது பெரிய சுமை இல்லை.

முதலில் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஐஆர்களை நாடிர் என்ற இலவச ப்ளகினில் போட்டுக் கேட்டேன். அந்த முதல் நிமிடம் மறக்காது. தட்டையாக, கூர்மையாக ஓடிக்கொண்டிருந்த ஒலி, ஒரு கிளிக்கில் மரமும் காற்றும் உள்ள ஒலியாக மாறியது. ஆனால் முப்பது, நாற்பது ஐஆர்களை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே ஒரு வார இறுதி போய்விட்டது. ஒரு வரிகூட வாசிக்கவில்லை. இது பலருக்கும் நடக்கும். அன்றே முடிவு செய்தேன், என் கேபினெட்டின் ஐஆரை நானே எடுத்து அதோடு நிறுத்திக்கொள்வதென்று.

கீழ் வீட்டார் ஊருக்குப் போயிருந்த ஞாயிறு மதியம் அதைச் செய்தேன். கேபினெட்டைப் பழைய ஹை-ஃபை ஆம்பால் ஓட்டினேன். வால்வு ஆம்பின் குணம் இதில் கலக்கக் கூடாது. அதை லோட் பெட்டி ஏற்கெனவே கொடுத்துவிடுகிறது. கூம்பின் நடுக் குமிழ் முடிகிற விளிம்பைக் குறிவைத்து, வலையிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, இரவல் வாங்கிய ஷூர் எஸ்எம்57. நடுவுக்கு நேராக வைத்தால் கூர்மை கூடும், ஓரத்துக்குப் போகப் போக மங்கும். ஒரு விரல்கடை நகர்த்தினாலே தெரிகிறது. மொத்த முயற்சியில் மைக் இருந்தது இந்த ஒரு மதியம் மட்டும்.

கைதட்டலுக்குப் பதில் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோ ஹெர்ட்ஸ் வரை வழுக்கி ஏறும் சைன் ஒலியைக் கொடுப்பதுதான் இப்போது வழக்கம். இத்தாலிய ஒலியியல் பேராசிரியர் ஆஞ்சலோ ஃபரினா 2000இல் முன்வைத்த முறை. இரைச்சல் அடங்கிவிடும், ஸ்பீக்கரின் சிதைவும் தனியே பிரிந்துவிடும். ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருள் அளந்து, வேவ் கோப்பாகவே எடுத்துக் கொடுத்துவிட்டது.

இரண்டாவது மைக் இடமாக, முதல் இடத்திலிருந்து 17 சென்டிமீட்டர் பின்னால் தள்ளியும் ஒன்று எடுத்தேன். இரண்டையும் கலந்தபோது ஒலி ஒல்லியாகி, மூக்கடைத்ததுபோல் ஆனது. 17 சென்டிமீட்டர் என்பது அரை மில்லி நொடித் தாமதம். 1 கிலோ ஹெர்ட்ஸில் ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே போய் இரண்டும் அழித்துக்கொள்கின்றன. பின்னதன் தொடக்கத்தில் 24 துளிகளை வெட்டியதும் உடம்பு திரும்பி வந்தது.

ஐஆரால் முடியாதது ஒன்று உண்டு. ஸ்பீக்கரை அதன் எல்லைக்குத் தள்ளினால் கூம்பே கொஞ்சம் சிதறி இழுக்கும். அந்தச் சிதறல் இதில் வராது. பலமாகக் கொடுத்தாலும் மெதுவாகக் கொடுத்தாலும் ஐஆரின் பதில் ஒன்றே. மூச்சு வாங்குவதற்கு ஆம்ப் இருப்பதால் எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரியவில்லை.

இப்போதைய நிலை

கிட்டார், ஆம்ப், லோட் பெட்டி, டிஐ, இன்டர்ஃபேஸ், லேப்டாப்பில் ரீப்பர் என்ற பதிவு மென்பொருள். ஆன் செய்வதற்கு முன் லோட் கேபிள் ஆம்பின் 8 ஓம் ஜாக்கில் இருக்கிறதா என்று கையால் இழுத்துப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும். ரீப்பரில் லோட் சிக்னலை ஐஆர் இல்லாமல் பதிவு செய்து, ஐஆரைக் கேட்பதற்கு மட்டும் வைக்கிறேன். பிறகு மனம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம். லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்துக் கணக்கிடும் பஃபர் 128 துளி. போய்வரும் தாமதம் மொத்தம் 9 மில்லி நொடி அளவில் இருக்கிறது. ஆம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம், விரல் பழகிவிட்டது. பதிவின் உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன்.

போன வாரம் இரவு பதினொன்றரைக்கு வால்யூம் குமிழை ஏழில் வைத்து ஒரு முழுப் பாடலின் ரிதம் பகுதியை எடுத்தேன். ஹெட்ஃபோனைக் கழற்றினால் அறையில் கேட்டது கம்பியில் பிக் படும் "டிக் டிக்" மட்டும், அப்புறம் மின்விசிறி. கதவு திறந்துதான் இருந்தது, அம்மா புரண்டுகூடப் படுக்கவில்லை.

மீதி இருப்பது அந்த 15 மில்லி ஹென்றி காயில். பழைய டியூப்லைட் சோக்கின் உள்ளகத்தைப் பிரித்து, தடித்த எனாமல் கம்பியால் நானே சுற்றிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். கம்பி வாங்கியாகிவிட்டது.